நுனாவுட் மக்கள்தொகை: ஒரே ஊருக்கு இரண்டு மூன்று எண், எதைச் சுவர்ப்படத்தில் எழுதுவது?

டீச்சர்_சிப்புட்

வணக்கம். ஆறாம் படிவப் புவியியல் மாணவர்கள் கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட் ஆட்சிப்பகுதியைப் பற்றிச் சுவர்ப்படம் ஒன்று தயாரிக்கிறார்கள். ஏ0 அளவுப் பெரிய தாள். நடுவில் வரைபடம், ஒவ்வோர் ஊரின்மேலும் மக்கள்தொகைக்கு ஏற்ற வட்டம், ஓரத்தில் அட்டவணை. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பொதுமக்கள் பார்வைக்கு மாட்டப்போகிறோம். வந்து பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துக் கணக்கு வழக்கு பார்த்தவர்கள், எண் தப்பினால் விடமாட்டார்கள்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

மொத்த மக்கள்தொகை ஓர் அகப்பக்கத்தில் 36,858, இன்னோர் இடத்தில் 40,000-க்கு மேல். அங்கத்துப் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் எத்தனை பேர் என்று தேடினால் 30,865, 48,695, 70,545 என்று மூன்று விடை. எல்லாமே அரசாங்கக் கணக்கு என்றுதான் போட்டிருக்கிறது.

ஊர்கள் 25 என்கிறார்கள். பழைய வரைபடத்தில் எண்ணினால் அதற்கு மேலேயே வருகிறது. பாதிப் பெயர்கள் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை.

கடைசியாக, மாணவர்கள் கேட்கும் கேள்வி. சாலையே போகாத இடத்தில் இந்த ஊர்கள் எப்படி உண்டாயின? நம் ரப்பர் தோட்டங்களைப் போல ஒரு கம்பெனி ஆளைக் கொண்டுவந்து இறக்கியதா? "அதுவும் ஒரு தோட்டம் மாதிரிதான்" என்று ஒரு வரி எழுத ஆசைப்படுகிறார்கள். எழுத விடலாமா?

பழைய_கிராணி

டீச்சர், எண்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஊர்களின் கதை தெரிந்தவர்கள் இங்கே வேறு பேர் இருக்கிறார்கள்.

36,858 என்பது 2021 குடிக்கணக்கில் எண்ணிக்கையில் விழுந்த தலைகள். 40,000-க்கு மேல் என்பது அதே கனடா புள்ளிவிவரத் துறை போடும் மதிப்பீடு. குடிக்கணக்கு முடிந்ததும் தனியாக ஓர் ஆய்வு செய்து, விடுபட்டவர்கள் எத்தனை பேர், இரண்டு இடத்தில் எண்ணப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். விடுபட்டதைக் கூட்டி, இரட்டித்ததைக் கழித்து, அதன்மேல் அடுத்தடுத்த ஆண்டுகளின் பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் கணக்கை ஏற்றுவார்கள். 2021 ஜூலைக்கே அந்த மதிப்பீடு 39,000-ஐத் தாண்டிவிட்டது. அதாவது அதே ஆண்டு மே மாதக் குடிக்கணக்குக்கும் அதற்கும் 2,000 பேருக்கு மேல் இடைவெளி. 37,000 பேர் உள்ள இடத்தில் அது சின்ன இடைவெளி கிடையாது.

ஏன் இத்தனை பேர் விடுபடுகிறார்கள்? வீட்டுப் பற்றாக்குறைதான் பெரிய காரணம். ஒரே வீட்டில் தாத்தா பாட்டி, மகன் குடும்பம், மகள் குடும்பம், இன்றைக்கு இங்கே நாளைக்கு அண்ணன் வீட்டில் என்று இருக்கும் இளவட்டம். வாசலில் நின்று "இந்த வீட்டில் யார் யார்?" என்று கேட்டால் அந்தக் கடைசி ஆள் எந்த வீட்டிலும் சொல்லப்படமாட்டான். இன்னொன்று, வசந்தம் வந்தால் குடும்பம் குடும்பமாக வேட்டைக்கும் மீனுக்கும் கூடாரம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால்தான் மற்ற இடங்களில் மே மாதம் எண்ணினால், தொலைதூர வட ஊர்களில் அதற்கு முன்பே ஆட்கள் நேரில் போய் எண்ணத் தொடங்குகிறார்கள். தெற்கே நான்கில் ஒரு வீட்டுக்குத்தான் இனம், மொழி போன்ற விவரங்களையும் கேட்கும் நீண்ட படிவம். தொலைதூர ஊர்களில் எல்லா வீட்டுக்கும் நீண்ட படிவம்தான். சின்ன ஊரில் மாதிரி எடுத்தால் ஒன்றும் தேறாது.

உங்கள் படத்துக்கு என்ன செய்வது: ஊர்வாரி எண், வட்டம், அட்டவணை எல்லாவற்றுக்கும் குடிக்கணக்கு எண்ணையே எடுங்கள். மதிப்பீட்டை ஒரே ஒரு வரியில், "மதிப்பீடு" என்ற சொல்லோடு, தனியாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே கோட்டு வரைபடத்தில் கலந்தால் படம் கெட்டது. 2016-க்கு 35,944 என்ற குடிக்கணக்கு எண்ணையும் 2023-க்கு 40,000 சொச்சம் என்ற மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடக்காத ஒரு பாய்ச்சல் தெரியும். கலக்காத வரிசை இது: 2001-இல் 26,745, 2006-இல் 29,474, 2011-இல் 31,906, 2016-இல் 35,944, 2021-இல் 36,858. இருபது ஆண்டில் சுமார் 38 விழுக்காடு ஏற்றம். இதைக் கோடாகப் போட்டாலே போதும்.

இனுயிட் எண்கள் மூன்றும் சரியானவை, பரப்புதான் வேறு. 70,545 கனடா முழுக்க. 48,695 இனுயிட் தாயகம் என்று சொல்லப்படும் நான்கு வட்டாரங்கள் சேர்ந்து: மேற்கே இனுவியலுயிட், நடுவில் நுனாவுட், கியூபெக்கின் வடக்கே நுனாவிக், லாப்ரடாரில் நுனாட்சியாவுட். 30,865 நுனாவுட் மட்டும். நுனாவிக்கும் நுனாவுட்டும் வேறு வேறு. இதில் தடுக்கி விழும் பத்திரிகைக் கட்டுரைகளே நிறைய. அதே மாதிரி, இனுயிட் மக்களில் 52.9 விழுக்காட்டினர் நெரிசலான வீட்டில் வாழ்கிறார்கள் என்று ஓர் எண் உலாவுகிறது. அது நான்கு வட்டாரங்களுக்கும் சேர்த்து. நுனாவுட் தலைப்பின் கீழே அதைப் போட்டுவிடாதீர்கள்.

விழுக்காடு எடுக்கும்போது 30,865-ஐ 36,858-ஆல் வகுக்க வேண்டாம். இனம், மொழி, பிறப்பிடம் போன்ற விவரங்கள் தனி வீடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே. சிறை, விடுதி, முதியோர் இல்லம் ஆகியவற்றில் இருப்பவர்கள் மொத்தத் தொகையில் உண்டு, இந்த விவரத்தில் இல்லை. அந்தந்த அட்டவணையின் தலைவரியில் உள்ள மொத்தத்தாலேயே வகுங்கள். சுமார் 84 விழுக்காடு வரும்.

மாணவர்கள் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த விவர எண்கள் எல்லாம் 0 அல்லது 5-இல் முடியும். யாரையும் அடையாளம் காண முடியாதபடி வேண்டுமென்றே மேலேயோ கீழேயோ 5-இன் மடங்குக்குத் தள்ளுகிறார்கள். அதனால் ஆண், பெண் இரண்டையும் கூட்டினால் மொத்தத்தோடு 5 அல்லது 10 இடிக்கும். கூட்டல் தப்பு என்று நினைத்து யாரும் எண்ணைத் "திருத்தி" விடக் கூடாது. 150 பேர் உள்ள ஊரில் இந்தத் தள்ளல் பெரிதாகத் தெரியும். "5 பேர்" என்று போட்டிருந்தால் அது 1 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். ஆக, குட்டி ஊர்களுக்கு விழுக்காடு போடவே போடாதீர்கள்.

வடக்கு_வாசல்

ஊர்களுக்கு வருகிறேன்.

1999 ஏப்ரல் 1-இல் வடமேற்கு ஆட்சிப்பகுதியிலிருந்து பிரிந்து உண்டானது நுனாவுட். அதற்கு அடித்தளம் 1993-இல் கையெழுத்தான நில உரிமை ஒப்பந்தம். பரப்பு ஏறக்குறைய 20.9 இலட்சம் சதுர கிலோமீட்டர், மலேசியாவைப் போல ஆறு மடங்குக்கு மேல். மூன்று வட்டாரங்கள். கிழக்கேயும் வடக்கேயும் கிக்கிக்டாலுக், 13 ஊர், 19,355 பேர். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் கிவாலிக், 7 ஊர், 11,012 பேர். மேற்கே கிட்டிக்மியோட், 5 ஊர், 6,491 பேர். கூட்டினால் 25 ஊர், 36,858 பேர். ஊருக்கு ஊர் சாலை இல்லை, தெற்கேயிருந்தும் சாலை இல்லை. ஆளுக்கு விமானம், சரக்குக்குக் கோடையில் கப்பல். பனி உடையும் ஜூன் கடைசி, ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் கப்பல் ஓடும்.

பழைய வரைபடத்தில் கூடுதலாகத் தெரிபவை என்ன? காலியாகிப்போன சுரங்க ஊர்கள், ராணுவ நிலையங்கள், வானிலை நிலையங்கள். பூமியின் வடகோடியில் இருக்கும் அலர்ட்டை எல்லாரும் ஊர் என்று எழுதுகிறார்கள். அங்கே நிரந்தரக் குடி என்று யாரும் கிடையாது, முறை வைத்து வந்துபோகும் ராணுவ, வானிலை ஊழியர்கள்தான். 25-இல் அது சேராது.

மாணவர்களின் தோட்டக் கேள்விக்கு நேர் பதில்: அந்த வரியை எழுத விடாதீர்கள். நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி, ரப்பர் மரத்தில் பால் எடுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள். இனுயிட் தங்கள் சொந்த மண்ணில், முகாம் முகாமாக, பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு நடந்தது வேறு. சிதறியிருந்த முகாம்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சில புள்ளிகளில் திரட்டப்பட்டன. அந்தப் புள்ளிகள் எவை என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். அதுதான் நுனாவுட்டின் ஊர் வரலாறு.

யார் தீர்மானித்தார்கள் என்று பார்த்தால் ஊருக்கு ஊர் விடை மாறும். கம்பெனிக் கதையும் உண்டு: நரித்தோல் வாங்குவதற்காக ஹட்சன்ஸ் பே கம்பெனி கடை போட்ட இடங்கள். கிங்காயிட்டில் 1913, பாங்னிர்ட்டங்கில் 1921. ஆனால் கடையைச் சுற்றி உடனே யாரும் வீடு கட்டிக் குடியேறவில்லை. தோலைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கி ரவையும் தேயிலையும் மாவும் வாங்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். ராணுவக் கதையும் உண்டு. தலைநகர் இக்காலுயிட் 1942-இல் அமெரிக்க விமானத் தளமாகத் தொடங்கியது. சனிராஜாக், 1950-களில் வடக்கே வரிசையாகக் கட்டிய ரேடார் நிலையங்களில் ஒன்றை ஒட்டி வளர்ந்தது. அதன்பின் 1950, 60-களில் பள்ளிக்கூடம், தாதி நிலையம், அரசாங்க வீடு மூன்றும் சேர்ந்து வந்ததும்தான் முகாம்கள் காலியாயின. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் தாய் தகப்பன் எத்தனை நாள் முகாமில் தனியாக இருப்பார்கள்?

எல்லாவற்றிலும் கொடுமை கிரைஸ் ஃபியோர்ட், ரெசலூட் கதை. 1953-இலும் 1955-இலும் கியூபெக்கின் வடக்கே இருக்கும் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்களைக் கப்பலேற்றி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே எப்படிப் பிழைப்பது என்று காட்டுவதற்குப் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்கள். இனுக்ஜுவாக்கில் மாதக்கணக்கில் இருட்டு கிடையாது, புதிய இடத்தில் உண்டு. பழகிய வேட்டையும் இல்லை. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்று சொன்ன வாக்கு காற்றில் போனது. கனடா அரசு 2010 ஆகஸ்டில் மன்னிப்புக் கேட்டது. உங்கள் படத்தில் மேலே தெரியப்போகும் இரண்டு குட்டி வட்டங்கள் இவைதான். அவற்றின் பக்கத்தில் இரண்டு வரி எழுத இடம் விடுங்கள்.

செம்பனை_காடு

வடக்கு_வாசல் அண்ணே, தோட்டத்தோடு ஒப்பிடவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். உருவான விதம் வேறுதான். மூடப்படும் விதம் ஒன்று. நானிசிவிக்கைப் பாருங்கள். 1976-இல் துத்தநாகச் சுரங்கத்துக்காகவே கட்டிய ஊர், பள்ளிக்கூடம், கடை, மண்டபம் எல்லாம் வைத்து. 2002-இல் சுரங்கம் மூடியது. 2001 குடிக்கணக்கில் 77 பேர், 2006-இல் பூஜ்யம். வீடுகளையும் பிரித்தாயிற்று. டீச்சரின் பழைய வரைபடத்தில் நிற்கும் "26-ஆவது ஊர்" இதுவாகத்தான் இருக்கும். தோட்டம் விற்றதும் லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, காலி பண்ணச் சொன்னது நினைவுக்கு வரவில்லையா?

வடக்கு_வாசல்

தம்பி, நானிசிவிக்கைச் சொன்னால் ரான்கின் இன்லெட்டையும் சொல்ல வேண்டும். அங்கேயும் 1957-இல் நிக்கல் சுரங்கம், 1962-இல் மூடல். வேலைக்கு வந்த இனுயிட் குடும்பங்கள் ஐந்தே ஆண்டில் வேலையை இழந்தன. ஆனால் ஊர் சாகவில்லை. பின்னால் வட்டார நிர்வாக அலுவலகங்கள் அங்கே வந்தன, 2021 குடிக்கணக்கில் 2,975 பேரோடு நுனாவுட்டில் இரண்டாவது பெரிய ஊர். நானிசிவிக்கிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஆர்க்டிக் பே இருக்கிறது, அதுவும் நிற்கிறது. சுரங்கத்தை மட்டும் நம்பிக் கட்டியது போனது, குடும்பங்களும் அரசாங்க வேலையும் பள்ளியும் இருந்தவை நின்றன.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இந்தப் புள்ளியில் ஒப்பிடுங்கள், டீச்சர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் என்ன நடந்தது, 1960-இல் உங்கள் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எதற்குத் தொடங்கினார் என்பது அங்கே பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியும். நிலம் யார் பெயரில் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. 1993 ஒப்பந்தத்தில் இனுயிட் ஏறக்குறைய 3,50,000 சதுர கிலோமீட்டருக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். அது மலேசியாவைவிடக் கொஞ்சம் பெரிது.

இப்போது ஓடும் சுரங்கங்கள் வேறு மாதிரி. பாஃபின் தீவின் வடக்கே மேரி ரிவர் இரும்பு, பேக்கர் லேக்குக்கு வடக்கே மெடோபேங்க் தங்கம், ரான்கின் இன்லெட்டுக்குப் பக்கத்தில் மெலியாடின் தங்கம். ஊர் கட்டுவதில்லை, முகாம்தான். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று தெற்கேயிருந்து விமானத்தில் வந்துபோகிறவர்கள் நிறைய. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், இருக்கும் பெயரும் லயத்தில் இருக்கும் தலையும் ஒன்றாக இருக்காது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிக்கணக்கு அவர்களை அவரவர் வீடு இருக்கும் ஊரில் எண்ணும். ஆகவே சுரங்கத்துக்கு வட்டம் போடாதீர்கள். வேறு குறி ஒன்று போதும்.

பட்டியல்_பிரியன்

பெயர் ஒத்துப்போகாததற்குக் காரணம் பெயர் மாற்றம்தான். பழையது, புதியது, ஆண்டு:

ஃப்ரோபிஷர் பே – இக்காலுயிட், 1987
எஸ்கிமோ பாயிண்ட் – ஆர்வியாட், 1989
ஸ்பென்ஸ் பே – தலோயோவாக், 1992
கப்பர்மைன் – குக்லுக்டுக், 1996
லேக் ஹார்பர் – கிம்மிருட், 1996
பிராட்டன் ஐலண்ட் – கிக்கிக்டார்ஜுவாக், 1998
பெல்லி பே – குகாருக், 1999
ரிபல்ஸ் பே – நௌயாட், 2015
கேப் டோர்செட் – கிங்காயிட், 2020
ஹால் பீச் – சனிராஜாக், 2020

2016 அட்டவணையையும் 2021 அட்டவணையையும் பெயரை வைத்து இணைத்தால் கடைசி இரண்டு ஊர்களும் கழன்றுவிடும். அவற்றைக் கையால் ஒட்டுங்கள். வட்டாரப் பெயரும் மாறியிருக்கிறது: பாஃபின் என்றால் இப்போது கிக்கிக்டாலுக், கீவாட்டின் என்றால் கிவாலிக். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்து ஊரைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவை வட்டாரத்தைத்தான் காட்டும்.

டீச்சர்_சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. தோட்ட வரியை எடுத்துவிட்டோம், நானிசிவிக், ரான்கின் இன்லெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். 2016-லிருந்து 2021-க்கு கிரைஸ் ஃபியோர்ட் 11.6 விழுக்காடு வளர்ந்திருக்கிறது, ரெசலூட் 7.6 விழுக்காடு குறைந்திருக்கிறது, தலைநகரே 4 விழுக்காடு குறைந்திருக்கிறது. மாணவர்கள் இதற்குச் சிவப்பு, பச்சை வண்ணம் கொடுத்துக் காரணம் எழுதத் துடிக்கிறார்கள். அடுத்தது பிறப்பிடம். கிவாலிக் ஊர்களில் நிறையப் பேர் மானிட்டோபா மாநிலத்தில் பிறந்ததாக விவரம் சொல்கிறது. அவ்வளவு பேர் தெற்கேயிருந்து குடியேறினார்களா?

பழைய_கிராணி

வண்ணத்தைத் தூக்கிப்போடுங்கள். கிரைஸ் ஃபியோர்ட் 129-லிருந்து 144, கூடியது 15 பேர். ரெசலூட் 198-லிருந்து 183, குறைந்தது 15 பேர். இரண்டு மூன்று குடும்பம் வந்தது, போனது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் மாறினாலே பிள்ளைகளோடு நாலைந்து தலை மாறும். இதற்குப் போய்ப் பொருளாதாரக் காரணம் எழுதினால் கற்பனைதான்.

இக்காலுயிட் 7,740-லிருந்து 7,429. 311 பேர் குறைவு. மேலே சொன்ன விடுபட்டோர் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். ஆட்சிப்பகுதி முழுக்க 2,000-க்கு மேல் விடுபடும்போது 311 குறைந்ததை வைத்து ஊர் சுருங்குகிறது என்று நான் எழுதமாட்டேன். அந்த ஆண்டு கொரோனா காலம் வேறு. எண்ணை அப்படியே போடுங்கள், அம்புக்குறி வேண்டாம்.

காரணத்தோடு எழுதக்கூடிய மாற்றம் ஒன்றுதான் இருக்கிறது: வயது. மூன்றில் ஒருவர் 15 வயதுக்குக் கீழே. எல்லாரையும் வயதுப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது சுமார் 25. கனடா முழுக்க எடுத்தால் அது 41-க்கு மேல். பிறப்பு விகிதம் கனடாவிலேயே அதிகம். இருபது ஆண்டில் கூடிய 10,113 பேரில் பெரும்பகுதி தொட்டிலில் வந்தவர்கள், விமானத்தில் வந்தவர்கள் இல்லை. வயதுக் கூம்பு ஒன்று வரைந்தால் நூறு வரி எழுத வேண்டியதில்லை. அந்தப் படம் மட்டும் ஆட்சிப்பகுதி முழுமைக்கும் இருக்கட்டும், ஊருக்கு ஊர் வேண்டாம்.

தாதி_ஈப்போ

டீச்சர், மானிட்டோபா விஷயம் குடியேற்றம் இல்லை, பிரசவம்.

சின்ன ஊர்களில் இருப்பது தாதி நிலையம். அறுவைச் சிகிச்சைக்கோ இரத்தம் ஏற்றவோ வசதி கிடையாது. அதனால் பிரசவ நாளுக்குச் சில வாரம் முன்பே தாயை விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். கிக்கிக்டாலுக் ஊர்க்காரர்கள் இக்காலுயிட் மருத்துவமனைக்கு, சிக்கல் என்றால் ஒட்டாவாவுக்கு. கிட்டிக்மியோட்காரர்கள் யெல்லோநைஃப், இல்லாவிட்டால் எட்மண்டன். கிவாலிக்காரர்கள் வின்னிபெக். வின்னிபெக் மானிட்டோபாவில் இருக்கிறது. ரான்கின் இன்லெட்டில் பிரசவ நிலையம் ஒன்று தொடங்கினார்கள், ஆனால் அது சிக்கலில்லாத பிரசவங்களுக்குத்தான். வின்னிபெக்கில் பிறந்து ஒரு சில வாரத்தில் ஊர் திரும்பும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கப் பிறப்பிடம் மானிட்டோபா.

பிறப்பிடக் கட்டத்தை வைத்து இடப்பெயர்வு கணக்குப் போடக் கூடாது. "ஐந்து ஆண்டுக்கு முன் எங்கே வசித்தீர்கள்" என்ற கேள்வியின் அட்டவணை தனியாக இருக்கிறது. அதை எடுங்கள்.

வடக்கு_வாசல்

தாதி அம்மா சொன்னது முக்கியம். அதோடு, யார் தெற்கேயிருந்து வந்து வசிக்கிறார்கள் என்பதையும் ஓர் ஓரத்தில் காட்டலாம். சின்ன ஊர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இனுயிட். இக்காலுயிட்டில் ஐந்தில் இருவருக்கு மேல் இனுயிட் அல்லாதவர்கள்: அரசு ஊழியர், ஆசிரியர், தாதி, விமானி, கட்டுமானத் தொழிலாளி. பிரெஞ்சு மொழிப் பள்ளி ஒன்று இருக்கிறது. 2016-இல் பள்ளிவாசல் ஒன்றும் திறந்தார்கள். கோடையில் சூரியன் சில மணி நேரம் மட்டுமே மறையும் ஊரில் நோன்பு நேரத்தை எப்படி வைப்பது என்று உங்கள் மலாய் மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்!

மொழிக் கட்டத்தில் ஒரு பொறி. மேற்கே குக்லுக்டுக், கேம்பிரிட்ஜ் பே பக்கம் பேசுவது இனுயின்னாக்டுன், எழுதுவது ரோமன் எழுத்தில். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இனுக்டிடுட், அசை எழுத்தில். குடிக்கணக்கு இரண்டையும் தனித்தனி வரியில் போடும். இனுக்டிடுட் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு "மேற்கே தாய்மொழி அழிந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். இனுயின்னாக்டுன் பேசுவோர் குறைந்து வருவது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல அந்த வரியையே பார்க்க வேண்டும்.

வயதானவர்களின் பழைய ஆவணங்களைப் புரட்டினால் பெயருக்குப் பதில் எண் இருக்கும். 1940-களிலிருந்து அரசாங்கம் ஆளுக்கு ஒரு வட்டத் தகடு கொடுத்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ள அல்லது சட்டையில் தைத்துக்கொள்ள. கிழக்கத்தி ஆளென்றால் இ, மேற்கத்தி ஆளென்றால் டபிள்யூ, பின்னால் வட்டார எண்ணும் ஆள் எண்ணும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே அவர்களுக்கு இல்லாததால் எழுத்தர்களுக்குப் பதிவு செய்யத் தெரியவில்லை. 1968-க்குப் பிறகு ஏப் ஆக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய் குடும்பப் பெயர் பதிவு செய்தார். அண்ணன் ஒரு பெயர், தம்பி வேறு பெயர் என்று பதிந்த வீடுகளும் உண்டு. ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும் பாரம் நிரப்பி அலுத்தவர்களுக்கு இது புரியும். ஒரே குடும்பப் பெயர்களை எண்ணி "இந்த ஊரில் இத்தனை குடும்பம்" என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

வரைபட_மேசை

வட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அங்கேதான் அதிகம் தப்பும்.

மக்கள்தொகைக்கு ஏற்றபடி மாற வேண்டியது வட்டத்தின் பரப்பு. ஆரத்தை நேராக எண்ணுக்கு ஏற்றினால் இக்காலுயிட் கிரைஸ் ஃபியோர்ட்டைப் போல 2,600 மடங்கு பரப்பில் வந்து நிற்கும். உண்மையில் 52 மடங்குதான். ஆகவே ஊரின் தொகையை 7,429-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இக்காலுயிட் வட்டத்தின் ஆரத்தால் பெருக்குங்கள்.

ஏ0 தாளை நிமிர்த்தி வைத்து 50 இலட்சத்தில் ஒன்று அளவீட்டில் போட்டால், தெற்கே ஜேம்ஸ் விரிகுடாத் தீவுகளிலிருந்து ஆட்சிப்பகுதியின் வடகோடி வரை சுமார் 70 செ.மீ. மேலேயும் கீழேயும் தலைப்புக்கும் அட்டவணைக்கும் இடம் மிஞ்சும். இக்காலுயிட்டுக்கு ஆரம் எவ்வளவு? 36 மி.மீ. கொடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கிம்மிருட் காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 120 கி.மீ., தாளில் 24 மி.மீ. 18 மி.மீ. ஆரம் வையுங்கள். கிம்மிருட்டின் 426 பேருக்கு 4.3 மி.மீ. வரும், இரண்டும் சேர்ந்து 22.3, தொடாமல் நிற்கும். ரான்கின் இன்லெட் 11.4 மி.மீ., கிரைஸ் ஃபியோர்ட் 2.5 மி.மீ. அதைவிடச் சின்னதாகப் போனால் அச்சில் புள்ளிபோல ஆகிவிடும்.

மெர்காட்டர் வரைபடத்தை இறக்கி அப்படியே ஒட்டாதீர்கள். வடக்கே போகப் போக ஊதிக்கொண்டே போகும், எல்ஸ்மியர் தீவு தாளையே விழுங்கிவிடும். அளவுகோல் கோடும் பொய்யாகும். லாம்பர்ட் கூம்பு வகை என்ற முறையில் வரைந்த வரைபடத்தைக் கேட்டு எடுங்கள்.

அடர்த்தியைப் பெரிய எழுத்தில் போட ஆசை வரும்: ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.02 பேர், அதாவது ஒருவருக்கு 50 சதுர கிலோமீட்டர் நிலம். போடலாம். ஆனால் ஊருக்குள் போனால் வீட்டுக்கு வீடு நெருக்கி நிற்கும், வீட்டுக்குள்ளேயும் நெரிசல். அந்த எண்ணை இந்த விவரம் இல்லாமல் தனியாக விடாதீர்கள்.

டீச்சர்_சிப்புட்

18 மி.மீ. என்று முடிவு. ஒன்று மட்டும்: சனிக்கிலுவாக் கிக்கிக்டாலுக் வட்டாரம் என்கிறார்கள், வரைபடத்தில் கியூபெக்கை ஒட்டி எங்கோ கீழே கிடக்கிறது. அட்டவணைத் தப்பா?

வரைபட_மேசை

தப்பில்லை டீச்சர். ஹட்சன் விரிகுடாவில் பெல்ச்சர் தீவுகளில் இருக்கிறது, 1,010 பேர். விரிகுடாவின் தீவுகள் நுனாவுட்டைச் சேர்ந்தவை, எதிர்க்கரை கியூபெக்கைச் சேர்ந்தது. கிரைஸ் ஃபியோர்ட்டுக்கும் இதற்கும் 20 பாகை அகலாங்கு வித்தியாசம், 2,200 கி.மீ., இருந்தும் ஒரே வட்டாரம். கடைசியில் தாளை வெட்டும்போது அடிப்பக்கத்தை ஒட்ட வெட்டினால் முதலில் போகும் ஊர் இதுதான். 56 பாகைக்குக் கீழே 10 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள்.